வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் எதிர்வீட்டை இடித்துவிட்டார்கள். தெருத் தாழ்வாரத்தைத் தாங்கி நின்ற நான்கு மரத்தூண்களை, இடிப்பதற்கு முதல் நாளே பழைய சாமான் வியாபாரி ஒருவர் விலைபேசி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றே நாளில் ஓடும் உத்தரமும் சுண்ணாம்புச் சுவரும் மண்மேடாகிவிட்டன. பகல் வெயிலில் எங்கள் தபால்காரர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் கடிதங்களை வீடுவாரியாகப் பிரித்து அடுக்குவார். இப்போது சைக்கிளைச் சாய்க்க இடமில்லாமல் வெயிலில் நின்றபடி அடுக்குகிறார்.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து பங்காளிகள், அவர்களில் இருவர் பிரான்சில் இருக்கிறார்கள். மேல்தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க யாரிடம் போவது, எவ்வளவு ஆகும், யார் கொடுப்பார் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. இடித்துக் கட்டித்தருகிறேன் என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

புதுச்சேரியை நவீனமாக்குவது பற்றித் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதும் யோசனைகளைத் தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலானவை, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. கடற்கரைச் சாலைக்கு வண்ண விளக்கு, டூமா வீதிக்குப் புதுக் கல்தளம், படம் எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இருக்கும் பகுதிதான் பாரம்பரியம், மேற்கே இருப்பது வெறும் நெரிசல் என்ற எண்ணம் வெளியூர்க்காரர்களிடம் மட்டுமல்ல, நம்மிடமும் ஊறிவிட்டது. இது என்னைப் பல வருடங்களாக வருத்துகிறது.

இந்த ஊரின் கட்டம் கட்டமான வீதி அமைப்பு, 1693 முதல் 1699 வரை இங்கே இருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்திலிருந்து வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகும் வீதிகள் பழைய ஒழுங்கிலேயே மீண்டும் எழுந்தன. அந்த ஒழுங்கு வாய்க்காலின் இரண்டு கரைக்கும் பொது. பிரெஞ்சுக்காரர் கால நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மேற்கே, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்த பாரதியாரின் நினைவு இல்லம் ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில். பாரதிதாசன் வீடு பெருமாள் கோவில் வீதியில். தமிழ் படிக்கிற ஒருவர் இந்த ஊரில் தேடி வரக்கூடிய வாசல்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

இந்த வீடுகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு வீதி இருக்கிறது. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களின் துணையோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியின் ஒரு பகுதியைச் சீரமைத்தது. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர் போட, மீதியைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், கைப்பிடிச் சுவர் எல்லாம் வரிசையாக மீண்டன. யாரையும் வீட்டைவிட்டு எழுப்பவில்லை. எந்தப் பகட்டும் இல்லாத அந்த வேலைக்கு இணையாக, இருபது ஆண்டுகள் கழித்தும் இன்னொரு வீதியை என்னால் காட்ட முடியவில்லை. ஏன் ஒரு வீதியோடு நின்றது? வெளிநாட்டுப் பணம் முடிந்ததும் நம் பணத்தில் தொடரவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையா?

நான் கேட்பது நகராட்சியில் ஒரு மேசை. பழைய வீட்டுக்காரர் ஒருவர் அங்கே போனால், ஒரு பொறியாளர் வந்து வீட்டைப் பார்த்துச் செலவுக் கணக்கு எழுதித் தரவேண்டும். குறைந்த வட்டிக் கடனுக்கும் சொத்து வரிச் சலுகைக்கும் அங்கேயே விண்ணப்பிக்க வழி இருக்கவேண்டும். முக்கியமாக, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பட்டியல் அங்கே தொங்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் ஏற்றுகிறது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே அடைபட்ட உப்பு செங்கல்லையே மாவாக்கிவிடும். எங்கள் வீட்டு முன்சுவருக்கு ஒரு முறை அவசரத்தில் சிமென்ட் பூசினோம். நான்காம் மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பிறகு எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரைத் தேடிப்பிடித்தோம். அவர் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துக் குழைத்துப் பூசினார். பத்து வருடமாக அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது. அவருக்குப் பின் வேலையைக் கற்றுக்கொள்ள அவர் பேரன்களே வரவில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இதை ஒரு பாடமாக வைத்தால், இருபது பையன்களுக்கு ஆயுள் முழுக்க வேலை இந்த ஊரிலேயே கிடைக்கும்.

காலத்தில் பழுதுபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரைச் சாலையில் நகரமன்றமாக இருந்த ‘மேரி’ கட்டடம் காட்டிவிட்டது. 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற அது 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்ட உலக வங்கித் திட்ட உதவி தேவைப்பட்டது. சுமார் 15 கோடி ரூபாய் செலவாகி, 2021-இல்தான் திறக்கப்பட்டது. புதிய கட்டடம் அழகாகவே இருக்கிறது. ஆனாலும் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது பழைய மேரி ஆகாது.

அடுத்து, பெரிய வாய்க்கால். அம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் நடுவே ஓடும் அதை, ஊரை இரண்டாகப் பிரிக்கும் கோடு என்று வழிகாட்டிகள் சொல்லித்தருகிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம் என்பதுதான் எங்கள் அனுபவம். மூடிவிட்டு மேலே வண்டி நிறுத்தலாம் என்று அவ்வப்போது யாராவது யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் போக நமக்கு இருக்கும் வழிகள் இந்த வாய்க்கால்கள்தாம். இதில் விழும் கழிவுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பாதாளச் சாக்கடையில் இணைக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் தூர்வாரட்டும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து மறுபடி உள்ளே விழவிடும் வழக்கம் நிற்கட்டும். நாற்றம் நின்ற பிறகு இரு கரையிலும் மரம் வைத்து நடைபாதை போட்டால், இரு பக்கத்து மக்களும் மாலையில் உட்காரும் இடமாக அது மாறும்.

வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சனி, ஞாயிறுகளில் காந்தி வீதியைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதால் யாருக்கும் வியாபாரம் கெட்டுவிடவில்லை. அதே ஒழுங்கை விடுமுறை நாட்களில் நேரு வீதியின் ஒரு பகுதிக்கும் நீட்டிப் பார்க்கலாம். வெளியூர்க் கார்கள், பழைய ஊரைச் சுற்றியுள்ள புல்வார் சாலைகளுக்கு வெளியே நிற்க, உள்ளே சிறிய மின்சார வண்டிகள் ஓடினால் போதும். பெரிய மார்க்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: மொத்தமாக இடிக்கவேண்டாம். மீன்கார அம்மாக்களையும் பூக்காரர்களையும் ஓரிரு வருடம் வேறெங்கோ அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்தால், வாடிக்கையை இழந்த பாதிப்பேர் திரும்பமாட்டார்கள். பகுதி பகுதியாகச் சீர்செய்யலாம். முதலில் வடிகாலும் கழிப்பறையும்.

நான் புதியதற்கு விரோதி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்ததால், மணற்கரை கரைந்து கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியதைப் பார்த்த தலைமுறை நாங்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் யோசனைப்படி 2018-இல் கடலுக்கடியில் ஓர் ஆப்பு வடிவத் தடுப்பை இறக்கினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்தது. அன்று அந்த மணலில் கால் பதித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நவீனம் என்று நான் நினைப்பது அதைத்தான். குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் படகை இழுத்துவைக்கக் கரை தேடுகிறவர்களுக்கும், வடக்கே கற்சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் கடல் அரித்துக்கொண்டிருக்கும் ஊர்களுக்கும் அது போய்ச்சேரவேண்டும்.

இவற்றையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது? புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. எங்கள் வார்டுக்கு உறுப்பினர் இல்லை. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு 2017-இல் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தபோதும் வீதியில் இருப்பவர்கள் கூடிப் பேச ஒரு மன்றம் இருக்கவில்லை. தெரு விளக்கிலிருந்து மார்க்கெட் வரை எதைச் சொல்வதானாலும் மனுவாக எழுதிக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. தங்கள் இதழ் இந்தத் தேர்தலை விடாமல் கேட்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் வீதியின் மூலைவீட்டிலும் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் உள்ளே இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் போன வாரம் வந்து, அந்தக் கொத்தனார் இன்னும் வேலை செய்கிறாரா என்று கேட்டார். இடிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரும் அந்த வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தை வரையாவது பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
புதுச்சேரி – 1