மிளகு கஷாயம்: அளவையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சளிக்கு மிளகு கஷாயம் என்று வந்த குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மிளகின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீடு கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. மலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடியிலிருந்து பறித்து வரும் பச்சை மிளகை வெயிலில் காயப்போட்டால் சில நாளில் சுருங்கிக் கறுத்துவிடும், அந்த வாசத்திலேயே வளர்ந்தவள் நான். சளி பிடித்தால் அம்மா பத்து மிளகைத் தட்டி, ஒரு துண்டு சுக்கு, நாலு துளசி இலை போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டு, கருப்பட்டி கலந்து கொடுப்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்க்கும், அடைத்த மூக்கு விடும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அப்புறம் கேட்டாலும் தர மாட்டார்.

உங்கள் குறிப்பில் எத்தனை மிளகு, எத்தனை நாள் என்று எதுவுமே இல்லை, தினமும் வெறும் வயிற்றில் குடித்து வர வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. இதே மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு என் அப்பா போன வருஷம் காலையும் மாலையும் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு வயது 71, ஆஸ்துமாவுக்குப் பல வருஷமாகத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வாரத்தில் நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கி சட்டையில் சிந்துகிறது. வயசாகிவிட்டது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர்தான், மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். கஷாயத்தை நிறுத்தச் சொன்னார், ஒரு வாரத்தில் நடுக்கம் போய்விட்டது.

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நம் உடம்பு மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடுமாம். மஞ்சள் பாலில் மிளகு சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், மஞ்சளில் உள்ள முக்கியப் பொருளான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. மஞ்சளுக்கு அது நல்லது, சரி. ஆனால் தியோஃபிலின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் இவற்றின் அளவும் அதே மாதிரி ரத்தத்தில் ஏறக்கூடும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் என்ன பாடு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, குழந்தைகள். பக்கத்து வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு மிளகுப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவப் போனார்கள், நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. மிளகுப் பொடி மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து.

பாட்டி வைத்தியத்தைப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். அளவு, நாள், யார் சாப்பிடக் கூடாது, இந்த மூன்றையும் அதே பெட்டியில் அதே எழுத்தளவில் போடுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று ஒரு வரி இருந்திருந்தால் என் அப்பா கண்டிப்பாகக் கேட்டிருப்பார், அச்சில் வருவதை அவ்வளவு நம்புகிறவர் அவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்