கழட்ட முதல் ஒருக்கா வாசி

மாங்குளம்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீயும் வீட்டுக்காரியும் பிள்ளையளும் சுகமா இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுறன். காலபோகம் இந்தமுறை பரவாயில்லை, வெட்டு முடிஞ்சு நெல்லும் ஏத்தியாச்சு. மழை விட்ட கையோட ரோட்டுக்கரையில புழுதி திரும்பத் தொடங்கிட்டுது. அம்மா உன்னை விசாரிச்சவ. "உந்த வயசில உவனுக்கு ஏன் உந்த மோட்டச்சைக்கிள்?" எண்டும் கேட்டவ. நான் வாய் திறக்கேல்லை.

நீ அனுப்பின படங்களைப் பெரிசாக்கிப் பாத்தன். பிளாஸ்ரிக் எல்லாம் உரிச்சுப்போட்டு உன்ர ஹொண்டா எஃப்4ஐ எலும்பும் தோலுமா நிக்குது. 2001ஆம் ஆண்டு வண்டிக்கு பிறேம் இன்னும் மினுங்குது. வருசத்தில பாதி அதை மூடிக்கட்டி வைக்கிற உங்கட கனடாக் குளிருக்குத்தான் நன்றி சொல்லவேணும். "பெயார் எண்ட புகை குறைக்கிற சாமானையும் தேவையில்லாத பாரத்தையும் கழட்டி எறிஞ்சால் எஞ்சின் மூச்சு விடும்" எண்டு எழுதியிருக்கிறாய். பாரத்தைப் பற்றிச் சொன்னது சரி. மூச்சைப் பற்றிச் சொன்னது பிழை.

பெயார் எஞ்சின்ர மூச்சைப் பிடிக்கிற சாமானே இல்லை மச்சான். எயார் கிளீனர் பெட்டியிலயிருந்து ஒரு ஹோஸ், நடுவில கரண்டில திறந்து மூடுற வால்வு, பிறகு எஞ்சின் மேல்மூடியில றீட் வால்வுகள், அதாவது காத்தை ஒரு பக்கம் மட்டும் விடுற மெல்லிய தகடுகள். புகை போற வழியில ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு சின்ன இழுவை ஒண்டு வரும். அந்த இழுவையில றீட் திறந்து நல்ல காத்தை உள்ள விடும். எரியாமல் மிஞ்சி வந்த பெற்றோலும் காபன் மொனொக்சைட்டும் அந்தக் காத்தோட சேந்து புகைக்குழாய்க்குள்ள எரிஞ்சு முடியும். எல்லாம் எஞ்சின் தன்ர வேலையை முடிச்ச பிறகு நடக்கிற விசயம். அதால கழட்டினாலும் ஒரு குதிரைவலுவும் கூடாது. ஹோஸ், வால்வு, கிளிப் எல்லாத்தையும் தராசில போட்டாலும் ஒரு கிலோ காட்டாது.

பிறகேன் கழட்டுறாங்கள் எண்டு கேப்பாய். திறந்த சைலன்சர் போட்ட வண்டியில அக்சிலேற்றரை விட்டவுடன பட் பட் எண்டு வெடிக்கும், பெயாரை அடைச்சால் அது அநேகமா அடங்கும். அதோட பிளக் மாத்த, வால்வு இடைவெளி பாக்க எண்டு மேல்மூடியைத் திறக்கேக்க கைக்கு இடம் கிடைக்கும். மெக்கானிக்கா நான் ஒத்துக்கொள்ளுறது அந்த ரெண்டாவதைத்தான். ஷனொன்வில் ஓட்டப்பாதையில மட்டும் ஓடுற வண்டியெண்டால் செய். ரோட்டில ஓடுறதெண்டால் ஒருக்கா யோசி: உங்கட ஒன்ராறியோவில காருக்கு இருந்த புகைப் பரிசோதனையை 2019 ஏப்ரலோட நிப்பாட்டினாலும், கழட்டக்கூடாது எண்ட சட்டம் அப்பிடியேதான் இருக்கு.

செய்யிறதெண்டால் அடைக்கிற வேலையை வடிவாச் செய். மேல்மூடியில தகடு போட்டு மூடுறதை எல்லாரும் செய்வாங்கள். எயார் கிளீனர் பெட்டியில ஹோஸ் கழண்ட ஓட்டையை மறந்துபோடுவாங்கள். அந்த ஹோஸ் பில்டருக்கு உள்பக்கத்துச் சுத்தமான காத்தை எடுக்கிறது, அதால ஓட்டையைத் திறந்து விட்டால் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரித்தான். இஞ்ச ஒட்டுசுட்டான் பக்கக் கிறவல் ரோட்டில அப்பிடி ஒரு வண்டி ஓடினால் பிஸ்ரன் றிங்கை மண் அராவிப்போடும். காபரேட்டர் வண்டியளெண்டால் பெயார் வால்வுக்கு வக்குயூம் (உறிஞ்சல்) எடுத்த சின்னக் குழாய்க்கும் ரப்பர் மூடி போடவேணும், இல்லாட்டி அந்தச் சிலிண்டர் காத்துக் கூடிச் சூடேறும். உன்ரது இன்ஜெக்சன், அதால வால்வுக்குப் போற வயர் பிளக்கை வெட்டாதை. சில வண்டியில அதைக் கழட்டினவுடன டாஷ்போட்டில லைற் எரியும்.

இப்ப இஞ்சத்த கதை. போன மாசம் ஒரு பொடியன் ஹொண்டா சீபிஆர் 250 ஆர்ஆர் ஒண்டை லாண்ட்மாஸ்ரர் உழவுமிசின் பெட்டியில ஏத்திக்கொண்டு வந்தான். உனக்குத் தெரியுமே, 1990இல ஜப்பானில வந்த அந்தச் சின்ன நாலு சிலிண்டர். 249 சீசீ, வால்வைத் திறக்கிற கேம் சுத்துறதுக்குச் செயின் இல்லை, பல்சக்கரம், நிமிசத்துக்கு 19,000 தரம் வரைக்கும் சுத்தலாம் எண்டு மீட்டரிலயே சிவப்புக்கோடு. 2020 மார்ச்சில இஞ்ச வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025இலதான் திரும்ப விட்டாங்கள்; அந்தக் காலத்திலயிருந்து இப்பிடியான பழசுகளை வைச்சிருக்கிறவன் லேசில விக்கமாட்டான். பொடியன் எங்க பிடிச்சானோ தெரியாது. வெளிநாட்டுக்காரர் வீடியோவில கழட்டினதைப் பாத்திட்டு, கண்ணில பட்ட ஹோஸ் எல்லாத்தையும் "புகைக் குழாய்" எண்டு உருவிப்போட்டான்.

வேடிக்கை என்னெண்டால் அந்த வண்டியில புகை குறைக்கிற சாமான் எண்டு ஒண்டுமே இல்லை. ஜப்பானில மோட்டச்சைக்கிளுக்குப் புகை விதி வந்ததே 1998, 99இல. அவன் உருவினது எஞ்சின் அடிப்பெட்டியிலயிருந்து எயார் கிளீனருக்குப் போற பிறீதர் ஹோஸை. உருவினதும் காணாதெண்டு, வாயில ஒரு போல்ட்டை வைச்சு கிளிப் போட்டு இறுக்கியுமிருந்தான். பிஸ்ரன் தாண்டி வாற காத்து எங்க போறது? செயின் ஓடுற முன் ஸ்புறொக்கட் மூடியைத் திறந்தால் தண்டுச் சீலைச் சுத்தி எண்ணெய் வேர்வை மாதிரிப் பொரிஞ்சு, அதில புழுதி ஒட்டிக் கறுத்துக் களியாகிக் கிடக்கு. சீல் பிதுங்கி ஒரு பக்கம் வெளியில வந்திட்டுது.

பெற்றோல் ராங்கி மூடியின்ர காத்துக் குழாயையும் விடேல்லை, அதையும் அடைச்சுப்போட்டான். அது கொஞ்சத் தூரம் வடிவா ஓடும். ராங்கிக்குள்ள வெறுமை பிடிச்சவுடன பெற்றோல் இறங்காமல் நிண்டிடும். நிண்டது எங்க? ஒட்டுசுட்டானுக்கு இஞ்சால காட்டுக்குள்ள, இருட்டுப்படுற நேரம், யானை கடக்கிற இடத்தில. மூடியைத் திறந்தவுடன "உஸ்" எண்டு காத்து உள்ள போய், வண்டி உடன ஸ்ரார்ட் வந்ததாம். அண்டைக்குத்தான் பயந்து என்னட்டைக் கொண்டு வந்தவன். ஹோஸ் எல்லாம் திரும்பப் போட்டு, சீல் மாத்தி, எயார் கிளீனர் மூடியையும் பூட்டி விட்டன். மூடி இல்லாமல் அந்த நாலு காபரேட்டரும் ஒழுங்கா வேலை செய்யாது. இப்ப 10,000 தாண்டப் பாடுது பார், சந்தியில நிக்கிறவன் திரும்பிப் பாப்பான்.

பாரத்துக்கு வருவம். நீ ஹோஸைத் தேடாமல் சைலன்சரைக் கையில தூக்கிப் பார். பிறகு பற்றறி. ஈயப் பற்றறி மூண்டு கிலோவுக்கு மேல, லித்தியம் ஒரு கிலோ அளவில முடியும். ஆனால் உங்கட குளிர்காலை லித்தியத்துக்கு ஒத்து வராது, அதை வீட்டுக்குள்ள கழட்டி வை. பின்னால ஆளேத்தாட்டி பின் மிதியும் பிடிகம்பியும் கழண்டு போகட்டும். 525 செயினை மாத்திற நேரம் வந்தால் அதைவிட ஒடுக்கமான 520 போடு; சுத்துற சாமானில குறையிற பாரம் கைக்கு உடன தெரியும். அலுமினியப் பின் ஸ்புறொக்கட் கெதியாத் தேயும், அதுக்கு மனசைத் தயார் பண்ணி வை. பின் மட்காட்டை மட்டும் விட்டு வை. இஞ்ச பொடியள் அதை வெட்டிப்போட்டு மாரியில ஓடுறாங்கள். இடுப்பிலயிருந்து சேட்டுக் கொலர் மட்டும் சிவப்புச் சேத்தில நேர்கோடு.

உன்ர கடிதத்தை வாசிக்க எங்கட பழைய ஹொண்டா எம்டி 90தான் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில சண்டை நேரம், இஞ்ச பெற்றோல் தடை. மருந்துப்போத்திலில கொஞ்சம் பெற்றோலை வைச்சு, காபரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டு விட்டு உதைச்சு எழுப்பி, சூடானவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். பின்னால இருந்தவனுக்குக் கண் எரிஞ்சு தண்ணி ஓடும். நீதானே எப்பவும் பின்னால. அந்த நீ இண்டைக்குப் புகையைக் குறைக்கிற சாமானைக் கழட்டுறன் எண்டு எழுதுறாய், எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போட்டுது. இப்ப இஞ்சயும் புகைச் சான்றிதழ் இல்லாமல் வருசாந்த லைசன்ஸ் புதுப்பிக்கேலாது. குழாயை சைலன்சருக்குள்ள விட்டு, சும்மா நிண்டு ஓடேக்க அளக்கிறாங்கள். காபரேட்டரின்ர ஸ்லோ ஸ்குறூவை ஒழுங்காத் திருப்பி வைச்சால் 250ம் பாஸாகும்.

நீ கேட்ட அடைப்புத் தகடு நான் இஞ்ச வெட்டித்தாறன், மூண்டு மில்லிமீற்றர் அலுமினியம் கிடக்கு. றீட் மூடியைக் கழட்டி வெள்ளைத்தாளில வைச்சு, போல்ட் ஓட்டையோட சேத்துப் பென்சிலால கோடு போட்டுப் படமெடுத்து அனுப்பு. பக்கத்தில ஒரு அடிமட்டம் வைச்சு எடு, அளவு தெரியவேணும். கழட்டின றீட்டையும் ஹோஸையும் எறியாமல் ஒரு பையில கட்டி வை, விக்கேக்க வாங்கிறவன் கேப்பான். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறதெண்டால், பொடியன்ர 250க்கு காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில வாற ரப்பர் நாலும் தேடிப் பிடிச்சுக்கொண்டு வா. இஞ்ச கிடக்கிறது எல்லாம் வெடிச்சதுதான். காசை அவன் என்னட்டைத் தந்திட்டான்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி