விரலுக்குத் தெரியும் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் மருத்துவக் கல்லூரிகள் மூடப்பட்டபோது உடற்கூறியல் பாடம் காணொளிக்கு மாறியது. திசுவியலுக்கு அது பொருந்தியது. நுண்ணோக்கிப் படம் திரையிலும் தெளிவாகவே தெரியும். அக்குளில் தமனியைச் சுற்றியுள்ள நரம்புப் பின்னலில்தான் சிக்கல். தமனி குழாய், நரம்பு கெட்டியான கயிறு. விரலிடையே உருட்டினால்தான் வேறுபாடு புரியும்.

உடல் தானம் பல இடங்களில் தடைப்பட்டதால், ஆசிரியர்கள் முன்பே அறுத்துவைத்த உறுப்புகளை மாணவர்களுக்குச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. என்95 கவசம் துகள்களைத்தான் வடிகட்டும், உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் ஆவியைத் தடுக்காது. திறந்த சன்னலும் காற்றை வெளியேற்றும் விசிறியும் கட்டாயம் தேவை.

அன்று கத்தியே பிடிக்காமல் தேறியவர்கள் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு வரும்போது, பயிற்சி தருவோரே, முதலில் உடலை அறுத்துப் பயிலும் டிசெக்‌ஷன் ஹாலில் சில நாட்கள் ஒதுக்கித் தாருங்கள்.

– உடற்கூறியல் ஆசிரியர்கள் சிலர்