நீ அனுப்பிய மஞ்சள் டப்பா

அன்புள்ள மகனுக்கு,

என் முழங்கால் வலிக்கென்று நீ அனுப்பிய மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பா வந்து சேர்ந்தது. இன்னும் பிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடி போட்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினோடு மிளகுச் சத்தும் சேர்த்திருக்கிறார்கள். மஞ்சளைத் தனியாக விழுங்கினால் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். மிளகிலுள்ள பைப்பரின் கூட இருந்தால் பல மடங்கு ஏறும். வம்பே அங்கேதான். நான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம் என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

மஞ்சளைக் குறை சொல்லவில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மஞ்சள் சத்து, மறுபக்கம் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை என்று 4 வாரம் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தொந்தரவு மஞ்சள்காரர்களுக்குத்தான் குறைவு. ஆனால் அவர்கள் எடுத்தது நாளுக்கு 1,500 மில்லிகிராம் சத்து. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு போல்தான் இருக்கும். ஒரு சிட்டிகையால் அந்தக் கணக்கு எட்டாது.

முடக்கறுத்தான் கீரைக்குப் பெயரிலேயே மருந்து இருக்கிறது என்பாள் உன் பாட்டி. எலிகளுக்கு வீக்கம் குறைந்ததாகப் படித்தேன். மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்தது சொற்பம். பாட்டி இருந்திருந்தால் என்னோடு சண்டைக்கு வந்திருப்பாள்.

அப்புறம், யாரோ கொடுத்தார்கள் என்று பெயரில்லாத பொடி எதையும் வாங்கி அனுப்பிவிடாதே. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மூலிகை என்று விற்றவற்றில், வலியைச் சட்டென்று அமுக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததைப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது எனக்குக் கைகொடுப்பது மிளகாயின் காரச் சத்து கலந்த கிரீம். வலியைச் சொல்லும் நரம்பு முனைகளைக் காரம் முதலில் சீண்டிவிட்டு, பிறகு மரத்துப்போக வைக்கிறதாம். அந்தக் காரத்தை நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. தினமும் மூன்று நான்கு வேளை, சில வாரம் விடாமல் தடவ வேண்டும். முதல் வாரம் முழங்கால் தீயாய் எரிந்தது. அதைவிட, தடவிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டேன், பார்! எத்தனை முறை தண்ணீர் அடித்தும் நிற்கவில்லை. கையில் ஒட்டியிருந்த காரம் எண்ணெய் தேய்த்து சோப்புப் போட்ட பிறகுதான் போனது.

இப்போது படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவது குறைந்திருக்கிறது. ஏறும்போது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால், ஒரு பெட்டி கையுறை அனுப்பு.

அன்புடன்,
அம்மா