குப்பை வண்டிகளுக்கு எந்த பேட்டரி? நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், நகர்நல அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் நம் பேட்டரி வண்டிகளில் பல, பேட்டரி செத்துப்போய் உரக்கூடத்து மதிலோரம் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் புதிய பேட்டரி வாங்குவதற்கான தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட இருக்கிறது. அதில் என்ன பேட்டரி என்பதைச் சொல்லும் இடத்தில், "48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, ஈய அமில அல்லது லித்தியம் பேட்டரி, ஓராண்டு உத்தரவாதம், குறைந்த விலை" என்று ஒரே ஒரு வரி இருப்பதாக அறிந்தேன். அந்த ஒரு வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். 18 ஆண்டுகளாக இந்த ஊரில் பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். இந்தக் கொள்முதலில் நானோ என் உறவினர் எவருமோ விலைப்புள்ளி தரப்போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் காலை, என் பட்டறைக்கு எதிரே ஒரு குப்பை வண்டி நின்றுவிட்டது. ஓட்டி வந்த அக்காவும் உடன் வந்த இரண்டு பெண்களும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதித் தெருக்கூடச் சுற்றி முடிக்கவில்லை. பின்னால் மக்கும் குப்பை ஈரத்தோடு நிரம்பியிருந்தது. இருக்கையைத் தூக்கி பேட்டரி மூடிகளைத் திறந்து பார்த்தேன். நான்கு பேட்டரியிலும் சேர்த்து 24 அறைகள். அவற்றில் பாதிக்கு மேல் ஆசிட் மட்டம் இறங்கி, பிளேட்டுகள் வெள்ளை பூத்து வெளியே தெரிந்தன. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால், முழுச் சார்ஜில் 1.250க்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில், மூன்று பேட்டரிகள் 1.200ஐ ஒட்டியும் நான்காவது 1.120ஐ ஒட்டியும் நின்றன. அந்த ஒன்று மற்ற மூன்றையும் சேர்த்துச் சாகடித்துக்கொண்டிருந்தது. "டிஸ்டில்டு வாட்டர் கேன் வந்து நாலு மாசமாச்சு தம்பி, குழாத் தண்ணிதான் ஊத்துறோம்" என்றார் அந்த அக்கா. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும்.

இதில் அந்தப் பெண்களின் பிழை எதுவும் இல்லை. ஈய அமில பேட்டரி நல்ல பொருள்தான். பட்டறைக்காரனாகிய எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஆனால் அது கேட்கும் பராமரிப்பை இந்தப் பணியில் யாராலும் தர முடியாது. பாதிக்கு மேல் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் தாமதிக்காமல் சார்ஜில் போட வேண்டும். போட்டால் எட்டு முதல் பத்து மணி நேரம் இடையூறின்றி ஏற வேண்டும். வாரம் தவறாமல் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி, ஐம்பது அடிக்கு ஒரு வீட்டில் நின்று நின்று, சுமை ஏற ஏற மேட்டுத் தெருக்களிலும் ஏறி, மதியம் வெயிலில் திரும்பும் வண்டிக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை. இதற்கு மேல் சூடு வேறு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. சித்திரையில் 42 டிகிரி தொடும் ஊரில், தகரக் கொட்டகையின் கீழ், இருக்கைக்கு அடியில் அடைபட்டிருக்கும் பேட்டரி எப்படித் தாங்கும்?

ஆகவே அதே வகையை மீண்டும் வாங்கினால், அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இதே மதிலோரம் இதே வண்டிகள் நிற்கும்.

அப்படியானால் லித்தியம் என்று எழுதினால் போதுமா என்றால், போதாது. லித்தியம் என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயரில் சந்தையில் விற்கும் இரண்டு முக்கிய வகைகளின் குணம் ஒன்றுக்கொன்று வெகுதூரம். முதலாவது, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி. குறைந்த எடையில் அதிக ஆற்றலைத் தாங்கும் என்பதால் கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் அது விரும்பப்படுகிறது. இரண்டாவது, எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃப், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி ஆகியோருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. எடைக்கு எடை பார்த்தால் என்எம்சியைவிட இதன் ஆற்றல் குறைவு. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் தெருத்தெருவாகச் சுற்றும் குப்பை வண்டிக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே ஆகாது.

பொருட்டாவது தீ. என்எம்சி செல் உள்ளுக்குள் 200 டிகிரி அளவுக்குச் சூடேறிவிட்டால், அதன் நேர்முனைப் பொருள் தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளியே விடத் தொடங்கும். எரிவதற்கு வேண்டிய காற்று உள்ளேயே கிடைத்துவிடுவதால் தீயை அணைப்பது மிகக் கடினம். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் விடுபடாது. எல்எஃப்பி எரியவே எரியாது என்று நான் சொல்லவில்லை. தவறாகக் கையாண்டால் அதுவும் வாயு கக்கும், தீப்பிடிக்கும். ஆனால் அந்த நிலைக்குத் தள்ள அதிகச் சூடு வேண்டும், தள்ளினாலும் சீற்றம் குறைவு. நம் கொட்டகையில் இரவு முழுவதும் வண்டிகள் அடுத்தடுத்து நின்று ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறுகின்றன. பக்கத்திலேயே காய்ந்த பிளாஸ்டிக் கழிவு மலைபோல் கிடக்கிறது. காவலாளி அங்கேதான் பாய் விரித்துப் படுக்கிறார். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான், இரு சக்கர, மூன்று சக்கர மின் வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 விதிமுறை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தீர்மானத்தின் வரியில் அந்த விதிமுறையின் பெயர்கூட இல்லை.

வேறு இரண்டு வகைகளையும் சிலர் பரிந்துரைக்கக்கூடும். லித்தியம் டைட்டனேட் பல்லாயிரம் முறை சார்ஜ் ஏறும், விரைவாகவும் ஏறும். ஆனால் அதன் விலை நம் வரவு செலவுக்கு எட்டாது. சோடியம் பேட்டரிக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் முழுச் சார்ஜுக்கும் காலிக்கும் இடையே அதன் வோல்ட் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், 48 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட நம் கன்ட்ரோலர்கள் அதைத் தாங்குமா என்பது வண்டிக்கு வண்டி சோதிக்க வேண்டிய ஒன்று.

இனி பணக் கணக்கு. ஈய அமிலத் தொகுதியில் 48 வோல்ட்டையும் 100 ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் 4,800 வாட்-மணி, அதாவது 4.8 யூனிட். அதில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். அப்படி எடுத்தால் சுமார் 400 முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வாழ்நாளில் 960 யூனிட் தரும். எல்எஃப்பி தொகுதி 51.2 வோல்ட், அதே 100 ஆம்பியர்-மணிக்கு 5.12 யூனிட், அதில் 80 சதவீதத்தை எடுத்து, 2,000 முறை என்று குறைத்தே கணக்கிட்டாலும் 8,000 யூனிட்டுக்கு மேல் வருகிறது. விலை இரண்டு மடங்கு, ஏன் மூன்று மடங்கு ஆனாலும், கிடைக்கும் உழைப்பு எட்டு மடங்கு. ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டிக்கு 2,000 முறை என்பது ஆறு ஆண்டுகளுக்கு மேல். "குறைந்த விலை" என்ற இரண்டு சொல் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. சட்டம் கையைக் கட்டுகிறது என்று அலுவலர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளை எடைபோட்டுக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத் தீர்மானிக்க இடம் தருகிறது. வாழ்நாளில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்பதை அப்படியொரு காரணியாக ஆவணத்திலேயே எழுதிவிட்டால், பட்டியலில் முதலிடம் தானாக மாறும்.

எல்எஃப்பி என்று எழுதிவிட்டாலும் ஏமாற இடமுண்டு; இதை என் பட்டறை மேசையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட். 16 செல் கோத்தால் 51.2 வோல்ட். சிலர் ஒரு செல்லை மிச்சம் பிடித்து 15 கோத்து, "48 வோல்ட்தானே கேட்டீர்கள்" என்று தந்துவிடுவார்கள். மேடு ஏறும்போது கன்ட்ரோலர் சீக்கிரம் கட் ஆகும். ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பழைய செல்களுக்குப் புது உறை போட்டுத் தருவோரும் உண்டு. எனவே 16 செல் என்றும், செல் தயாரித்த தேதி ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்றும், தண்ணீர் புகாத ஐபி 67 உறை என்றும், ஐந்து ஆண்டு உத்தரவாதக் காலத்தில் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தர வேண்டும் என்றும் எழுத வேண்டும். செல்களின் சார்ஜைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகையைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டாமல், அதன் விவரங்களை நகராட்சியிடம் ஒப்படைப்பதும் கட்டாயமாக வேண்டும். விற்றவர் கடையை மூடிவிட்டால், பூட்டிய பிஎம்எஸ் உள்ள நல்ல பேட்டரியும் வெறும் பெட்டிதான்.

சார்ஜரையும் கூடவே மாற்ற வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். செலவைக் குறைக்கப் பழைய ஈய அமில சார்ஜரையே வைத்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. 16 செல் எல்எஃப்பியின் உச்சம் 58.4 வோல்ட், பழைய சார்ஜர்களில் சில, அறைகளின் சார்ஜைச் சமன்செய்யும் கட்டத்தில் 60 வோல்ட்டையும் தாண்டும். தினமும் இரவில் பிஎம்எஸ் அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், என்றாவது ஓரிரவு அது தவறும். ஓட்டுநர் முன்னால் இருக்கும் வோல்ட் முள்ளும் இனி உதவாது. எல்எஃப்பியின் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, முடிவில் சட்டென்று விழும் என்பதால், போன கரண்டையும் வந்த கரண்டையும் எண்ணிச் சதவீதம் காட்டும் மீட்டர் வேண்டும். நான்கு ஈய பேட்டரிகளும் சேர்ந்து 120 கிலோ அளவில் இருந்த இடத்தில், புதியது 50 கிலோவுக்குள் இருக்கும். மிஞ்சும் காலியிடத்தில் தெர்மோகோலை அடைக்காமல், இரும்புச் சட்டம் போட்டு போல்ட் முடுக்க வேண்டும். பேட்டரி வகையை மாற்றுவதற்கு வண்டி தயாரித்த நிறுவனத்தின் ஒப்புதலையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கருத்தையும் முன்கூட்டியே எழுத்தில் பெற்றுவிடுவது நல்லது.

பழைய பேட்டரிகளைக் காயலான் கடைக்கு எடைபோட்டு விற்றுவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்து ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கும் இடங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். முறைப்படி கொடுத்தாலும் ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கும். அந்தத் தொகையைச் சார்ஜர் வாங்கும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மொத்தமாக வாங்கும் முன், இரண்டே வண்டிகளில் எல்எஃப்பி போட்டு, மேடு அதிகமுள்ள வார்டிலும் சந்தைத் தெருவிலும் பங்குனி, சித்திரை இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்த வண்டி எங்கே நின்றது, எத்தனை யூனிட் ஏறியது என்பதை ஓட்டுபவர்களே ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டை மன்றக் கூட்டத்தில் வையுங்கள். மதிலோரம் நிற்கும் வண்டிகளில் எந்தெந்த பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று பிரித்துத் தர ஹைட்ரோமீட்டரும், சுமை கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்டரும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்; அதற்குக் கூலி வேண்டாம். காலை ஐந்து மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறந்துவிடச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பேட்டரிப் பட்டறை நடத்தும் நகரவாசி