பால் கட்டினால் பிசையாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம் வரும்போதெல்லாம் தாய்ப்பாலின் அருமையை நாளிதழ்கள் விரிவாக எழுதுகின்றன. பால் கட்டி வலியில் துடிக்கும் பச்சை உடம்புக்காரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள். பால் சுரந்தும் புட்டிக்கு மாறும் வீடுகளில் இந்த வலியும் ஒரு காரணம்.

மார்பகத்துக்குள் பால் ஏதோ பையில் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பை எதுவும் கிடையாது. திராட்சைக் கொத்து போன்ற சுரப்பிகள் 15 முதல் 20 மடல்களாக இருக்கின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய்கள் ஒன்றோடொன்று கலந்து காம்பில் திறக்கின்றன. குழந்தை பிறந்த 3 முதல் 5 நாட்களில் மார்பு கல்லாய்க் கனப்பதற்குப் பால் மட்டும் காரணமல்ல. ரத்த ஓட்டம் கூடி, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. அந்த வீக்கம் குழாய்களை வெளியிலிருந்து நெரிப்பதால்தான் பால் இறங்குவதில்லை.

இது புரிந்தால், விளக்கெண்ணெய் தடவி 'கட்டியைக் கரைக்கிறேன்' என்று அழுத்திப் பிசைவது எவ்வளவு கெடுதல் என்பது விளங்கும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிதைந்து வீக்கம் இன்னும் ஏறும். மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022இல் திருத்திய வழிகாட்டுதலும் இப்படிப் பிசைவதை வேண்டாம் என்கிறது. பம்ப் வைத்து 'காலி' செய்வதும் வேண்டாம். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பால் கொடுத்த பிறகு 10, 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். காம்பைச் சுற்றிய கருவட்டம் இறுகி, குழந்தையால் கவ்வ முடியவில்லையா? தாய் மல்லாந்து படுத்து, காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுக்கூட்டை நோக்கி ஒரு நிமிடம் மென்மையாக அழுத்தட்டும். நீர் பின்னால் விலகி அந்த இடம் இளகும். உடனே பிள்ளையை மாரில் போட வேண்டும். வாய் அகலத் திறந்து, காம்போடு கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வி, மோவாய் மார்பில் படிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு விழும். அதன் வழியே கிருமி நுழையும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுப்பது வழக்கம்.

அக்குளில் எலுமிச்சை அளவு வீங்கினால் நெறி கட்டிவிட்டதென்று பயப்படுகிறார்கள். மார்பகத் திசு அக்குள்வரை நீண்டிருப்பதால் அங்கும் இதே வீக்கம் வரலாம். ஐஸ் ஒத்தடம் போதும். மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கான வைத்தியம். தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு பக்கம் ஆப்பு வடிவில் சிவந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது மார்பக அழற்சி. 24 மணி நேரத்தில் குறையாவிட்டால், அல்லது உடம்பு மோசமானால் அதற்கு முன்பே, மருத்துவரிடம் போக வேண்டும். கிருமித் தொற்று என்று அவர் சொன்னால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாக ஏற்றவையே.

'கெட்ட பால்' என்று சொல்லிப் பிள்ளையைப் பிரிப்பதுதான் இதில் பெரிய தவறு. அந்தப் பால் சற்று உப்புக் கரிக்கும், அதனால் குழந்தை முகம் திருப்பலாம்; ஆனால் அதனால் தீங்கில்லை. திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டி ஆகலாம். சீழ் வைத்தாலும் எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பக்கமும் பால் கொடுக்கலாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மருந்து முடிந்தும் சிவப்பு மாறாமல் தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாகத் தெரிந்தாலும், கட்டி இரண்டு வாரம் தாண்டியும் கரையாமல் நின்றாலும், பால் கொடுக்கும் தாய்க்கும் புற்றுநோய் வரலாம் என்பதை நினைவில் வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இந்தப் பரிசோதனைகளுக்காகப் பால் மறக்கடிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மகப்பேறு பிரிவுச் செவிலியர்கள்,
தஞ்சாவூர்