ஊரில் விட்டுவந்த சிம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொன்னதே இல்லை. ஆனாலும் நாலு மாதமாக என் வங்கிச் செய்திகள் அத்தனையும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது ஊர் சிம்மைப் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். அப்புறம் அந்த எண் வேறொருவருக்குப் போகும். ஒருநாள் என் மனைவியின் வாட்ஸ்அப்பில் என் பெயருக்கு நேராக, பைக்கில் சாய்ந்து நிற்கும் ஒரு பையனின் படம். கூப்பிட்டுக் கேட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையாம். "அக்கா, மாசாமாசம் பணம் ஏறுனதா மெசேஜ் வருது, யாரோடதுன்னு தெரியல" என்றிருக்கிறார். நல்ல பையன், பணம் தப்பியது. ஓ.டி.பி. மட்டும் வைத்துக்கொண்டு எடுக்க முடியாது, அட்டை விவரமும் வேண்டும் என்பார்கள். சரி, என் அட்டையும் ஊரில்தான் இருந்தது. அம்மாவின் மருந்துக்காக எத்தனையோ கடைகளில் தேய்த்த அட்டை அது.

எண்ணை மாற்றக் கிளையில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள். அதுவரை நெட் பேங்கிங்கையாவது நிறுத்துங்கள் என்றேன். பதிவான எண்ணிலிருந்து பேசுங்கள் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, விண்ணப்பத்தைக் கூரியரில் அனுப்பி, 23 நாள் கழித்து என் ஓமன் எண் பதிவானது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணையே கொடுக்கலாம் என்பது எங்கள் கேம்ப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர் எண்தான் வேண்டுமென்றால் ரீசார்ஜை விடாமல், ரோமிங்கைத் திறந்து கையோடு கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல், மூன்றாமவர் வழியாகப் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. நாலிலிருந்து ஏழு வேலை நாள் வரை என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழலாம். தகவலே திருப்பூருக்குப் போனால் நான் எந்த மூன்று நாளில் புகார் செய்வது? அதனால்தான் இப்போது மின்னஞ்சல் அறிவிப்பையும் வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் ஆன்லைன் பரிவர்த்தனையை ஆப்பிலேயே அணைத்துவிட்டேன், வேண்டும்போது மட்டும் திறக்கிறேன்.

துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்துக் கணக்கு விவரங்களைச் சரிசெய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மிக நல்ல ஏற்பாடு. அப்படி ஒரு எண் செத்தது தெரிந்ததும் கணக்குக்காரருக்கு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள் என்று வங்கிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்தே எண்ணை மாற்ற, வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் வழியையும் எல்லாக் கிளைகளும் தர வேண்டும்.

என் அறையில் எட்டுப் பேர். இந்தக் கதையைச் சொன்ன இரவு, அவர்களில் மூன்று பேர் ஊருக்குப் போன் போட்டுத் தங்கள் சிம் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார்கள். ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

மஸ்கட்டிலிருந்து ஒரு வாசகர்